அம்மாவின் முதுகு

அந்த மண்டபத்துக்குள் நான் படம் பார்க்கப் போகவில்லை. கழிப்பறை தேடித்தான் போனேன்.

வவுனியாவில் காலை தொடங்கிக் கடை கடையாக ஏறி இறங்கியிருந்தேன். தங்கச்சி கயலின் கலியாணத்துக்கு ஒரு மாதமும் இல்லை. கூறைச்சேலைக்குப் பொருத்தமான சட்டைத் துணி, லைனிங், சரிகைக் கரை என்று இரண்டு கையிலும் பை. பஸ் நிலையத்துக் கழிப்பறையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. போனவர்களுக்குத் தெரியும். பக்கத்து ஒழுங்கையில் 'புகைப்படக் கண்காட்சி' என்று எழுதிய ஒரு மண்டபம் திறந்திருந்தது. வாசலில் மேசை போட்டு ஒரு பிள்ளை இருந்தாள்.

"படம் பாக்க வந்தனீங்களோ அக்கா? உள்ளுக்கை வாங்கோ."

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்வது?

வந்த வேலை முடிந்ததும் நேரே வெளியே நடக்க வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். சரி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவோம் என்று கோயில் வீதியைச் சுற்றுவது போல இடப்பக்கமிருந்து தொடங்கினேன்.

எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். வீடில்லாமல் தனியாக நிற்கும் ஒரு கதவு நிலை. தண்ணீர் நிரம்பிய வாளி. யாரோ ஒருவருடைய கை, பனையோலையைப் பிடித்தபடி. மீன் பெட்டியைச் சுமந்து போகும் ஒருவருடைய கால்கள், கீழே 'நாயாறு' என்று ஊர்ப்பெயர். ஒரு படத்திலும் முகம் இல்லை. 'மனுசன் இவ்வளவு பெரிதாகப் பிரேம் போட்டு ஒரு வாளியைத் தூக்கி மாட்டியிருக்கிறாரே' என்று நினைத்தேன். என் மனசில் பாதி பஸ்ஸில் இருந்தது.

கடைசிச் சுவரில் ஒரு பெண்ணின் முதுகு.

ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வெட்டி முடிந்த வயலைப் பார்த்தபடி நிற்கிறாள். கொண்டை பாதி அவிழ்ந்திருக்கிறது. நீளப் பாவாடை, பூப்போட்ட சட்டை. தையற்காரியின் கண் வேறெங்கே போகும்? சட்டைக்குத்தான் போனது.

'எந்த விசரி தைச்சது இதை? பூவெல்லாம் தலைகீழா நிக்குது!'

அப்படி நினைத்து முடிக்கவில்லை. அந்த விசரி நான்தான்.

துணி காணாத சட்டை

பத்திரிகையில் இந்தத் தொடரைக் கிழமைக்குக் கிழமை படிக்கிறவர்களுக்கு என் தையல் மெஷினின் வரலாறு தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன்: எங்களுக்கு ஊர் வட்டக்கச்சி. நான் கிளிநொச்சியில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். அண்ணா ரூபன் வயல் செய்கிறார். கயல் எங்களுக்கெல்லாம் கடைக்குட்டி, எனக்கும் அவளுக்கும் இடையில் ஒரு தலைமுறை இடைவெளி என்றே சொல்லலாம்.

அவள் பிறந்த வருடமே அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா சைக்கிள் ஓடப் பழகினார். நெல்லை அவித்து, மில்லில் குத்தி, அரிசியைச் சந்தையில் கொடுப்பார். எல்லாம் சைக்கிளில்தான்.

நான் தையல் பழகத் தொடங்கிய காலம். சமாதான காலம் முடியப்போகிறது என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் தெரிந்த, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வருடம். அம்மாவுக்கு ஒரு துண்டுத் துணி கிடைத்தது. கத்தரிப்பூ நிறத்தில் பூ. சட்டைக்குக் கொஞ்சம் காணாது. துணியைத் திருப்பிப் போட்டு வெட்டினால் காணும் என்று கண்டுபிடித்த எனக்கு என் மூளையை நினைத்தே பெருமை. தைத்து முடித்து விரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முன்பக்கம் பூ நேராக நிற்கிறது, பின்பக்கம் தலைகீழாகத் தொங்குகிறது.

நான் அழுதுவிட்டேன். அம்மா சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"பின்னுக்குத்தானே பிள்ளை. நான் என்ன, திரும்பிப் பாக்கப் போறனே?"

சாயம் வெளுக்கும்வரை அந்தச் சட்டையைத்தான் போட்டுத் திரிந்தார். படத்தில் அது சாம்பல் நிறம். அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் அதன் நிறம் தெரியும்.

சுவரில் தனியாக அப்பா

எங்கள் வீட்டில் அம்மாவின் படம் இல்லை. இதை விளங்கப்படுத்த வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும்.

முன்பு எங்கள் பக்கத்தில் படம் எடுப்பது என்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். அடையாள அட்டைக்கு எடுப்பார்கள். கலியாணத்துக்கு எடுப்பார்கள். ஸ்டூடியோவில் ஒரு திரை இருக்கும், அதில் நாங்கள் ஒருநாளும் காணாத ஒரு நீர்வீழ்ச்சி. அதற்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். பிலிம் ரோல் கிடைக்காத வருடங்களும் இருந்தன. எங்களிடம் இருந்த கொஞ்சப் படங்களை ஒரு அல்பத்தில் போட்டு, அந்த அல்பத்தைத் தகரப் பெட்டியில் வைத்து, யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வில் ஊர் ஊராகக் காவினோம். பிறகு பெட்டியை விட்டோம். பிறகு அம்மாவையும் விட்டோம். அதை இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதிவிட்டேன். இன்று மறுபடி எழுதப் போவதில்லை.

அடையாள அட்டை அவரோடேயே போய்விட்டது. அதன் பிரதி இருக்கக்கூடிய இடங்களிலெல்லாம் கேட்டோம். கிடைக்கவில்லை. வெளிநாட்டுச் சொந்தங்களிடம் கேட்டோம். எல்லோரும் தேடினார்கள், பாவம். ஒரு கலியாண வீட்டுப் படம் வந்தது. அதில் குசினி வாசலில் ஒரு தோளும் அகப்பையும் தெரிகிறது. அது அம்மாதான் என்று சத்தியம் செய்வேன். மற்றவர்கள் படத்துக்கு நிற்க, அவர் சோறு வடித்திருக்கிறார்.

அப்பாவின் படம் மட்டும் சித்தப்பாவின் புண்ணியத்தில் சுவிசில் தப்பியிருந்தது. பெருப்பித்துச் சுவரில் மாட்டினோம். அப்பா தனியாகத் தொங்குகிறார், பக்கத்தில் ஓர் ஆணி வெறுமையாக. அண்ணா வீடு கட்டியபோதே இரண்டு ஆணி அடித்துவிட்டார்.

எனக்கும் அண்ணாவுக்கும் அது பெரிய குறையாக இருக்கவில்லை. கண்ணை மூடினால் அம்மா வருவார். கயலுக்குத்தான் ஒன்றும் இல்லை. அம்மா போனபோது அவளுக்கு ஐந்து வயதுதான். முகம் ஞாபகமில்லை.

கணினி செய்த அம்மா

கயலின் போனில் அவளுடைய முகம் எத்தனை இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. குளக்கட்டில் ஒன்று, பஸ்ஸில் ஒன்று, பல் விளக்கியபடி ஒன்று. கலியாணத்துக்கு முந்திய படப்பிடிப்பு என்று இரணைமடுவுக்குப் போய், மேலே ட்ரோன் சுற்ற, கீழே மாப்பிள்ளை வெட்கத்தில் கோணிக்கொண்டு நின்ற காட்சியை நான் நேரில் கண்டேன். "சிரியுங்கோ அண்ணா, சிரியுங்கோ" என்று கமராக்காரர் கத்த, அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பைப் பார்த்துக் குளத்துக் கொக்குகளே எழும்பிப் போயின.

ஒருநாள் இதைப் பற்றி அவளைச் சீண்டினேன். "உன்ரை முகத்திலை உனக்கு அலுப்பே வராதோடி?"

அவள் கோபிக்கவில்லை. "எல்லாரும் அம்மான்ரை சாயல் எண்டு சொல்லுகினம் அக்கா. இதிலை எந்த இடம் அம்மா எண்டு பாக்கிறன்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் அவளைச் சீண்டியதில்லை.

இதெல்லாம் அண்ணாவுக்கும் தெரியும். எங்கள் பக்கத்து வழக்கப்படி, கலியாணத்தன்று பொம்பிளை வீட்டிலிருந்து வெளிக்கிட முன்னம் தாய் தகப்பன் காலில் விழுந்து கும்பிட வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் படத்துக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, அதற்கு முன்னால் விழ வேண்டும். என் தங்கச்சி வெறும் ஆணிக்கு முன்னால் விழுவதா? அண்ணாவுக்கு அந்த யோசனையிலேயே நித்திரை கெட்டது.

சித்தப்பாவின் மகன் கணினி வேலை செய்கிறவன். இப்போது செயற்கை நுண்ணறிவில் எதையும் செய்யலாம் என்றான். என் நெற்றி, அண்ணாவின் கண், கயலின் நாடி, அதோடு நாங்கள் வாயால் சொன்ன அடையாளங்கள் எல்லாம் அவனுக்குப் போயின. அடுத்த கிழமை ஒரு முகம் வந்து சேர்ந்தது.

வடிவான முகம். கன்னத்தில் பூச்சு. கழுத்தில் அம்மா ஒருநாளும் போடாத சங்கிலி. எல்லாப் பல்லும் தெரியச் சிரிப்பு. எங்கள் அம்மாவுக்கு முன்பல் ஒன்று கோணல். சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்துவார். 'இது அம்மா இல்லை' என்று சொல்ல வாய் எடுத்தேன். கயல் போனைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு நிற்கிறாள். எப்படிச் சொல்வது? அண்ணாவைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். ஸ்டூடியோவில் பெருப்பிக்கக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார்.

அந்த முகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் நான் வவுனியாவுக்கு வந்திருந்தேன்.

நிசார் நானா

முதுகுப் படத்துக்கு முன்னால் நின்றேன். பைகளைக் கீழே வைத்துவிட்டு நிலத்திலேயே இருந்துவிட்டேன். யாரோ ஒரு கதிரையை இழுத்து வந்தார்.

"எழும்பி இதில இருங்க தங்கச்சி. தண்ணி குடிக்கிறீங்களா?"

நரைத்த தாடி, தோளில் துவாய். காவலாளி என்று நினைத்தேன். படங்களை எடுத்தவரே அவர்தான். பெயர் நிசார். முஸ்லிம் அண்ணாமாரைக் கூப்பிடுவது போல நானா என்று கூப்பிட்டேன்.

"இது எங்கட அம்மா" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. சட்டைக் கதையைச் சொன்னேன், அழுதழுது, இடையில் சிரித்து. அவர் படத்துக்குக் கிட்டப் போய்ப் பூக்களைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"நான் இவ்வளவு காலமும் இதைக் காணேல்ல" என்றார். "எனக்கு அண்டைக்குப் பட்டது அந்த நிக்கிற விதம். போகவும் வேணும், கொஞ்சம் நிக்கவும் வேணும் எண்ட மாதிரி."

படத்தின் கீழே சின்ன அட்டையில் 'போகும் வழி' என்று எழுதியிருந்தது. "அவா மில்லுக்குப் போன வழி நானா" என்றேன் நான். அவர் சிரித்தார். பிறகு வீட்டில் யோசித்துப் பார்த்தேன். அவர் வைத்த பெயரும் பிழையில்லை.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கேட்டே விட்டேன். "எங்கட அம்மாவைக் கேட்டு எடுத்தனீங்களோ?"

"இல்ல" என்றார் உடனே. "கேக்கேல்ல. அது பிழைதான்."

"அறிஞ்சிருந்தா சைக்கிளை விட்டுட்டு வந்து ஏசியிருப்பா."

"ஏசியிருந்தா முகமும் கிடைச்சிருக்கும்" என்றார் நானா.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வாசலில் இருந்த பிள்ளை எட்டிப் பார்த்தாள்.

"ஏன் நானா ஒருத்தரின்ரை முகத்தையும் எடுக்கேல்லை?"

அவர் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தார். "நான் முல்லைத்தீவில பிறந்தனான். முஸ்லிம் ஆக்கள் நாங்க எல்லாரும் ஊரை விட்டுப் போக வேண்டி வந்த நேரம் நான் சின்னப் பெடியன். புத்தளத்திலதான் வளந்தன். சமாதானத்தில பாதை திறந்திருந்த காலம் கமராவையும் கொண்டு வந்தன், எங்கட ஊர் ஆக்களை எடுக்க வேணும் எண்டு. ஆனா கமராவைத் தூக்கினா அவங்க என்னைப் பாக்கிறாங்க. ஆர் நீ எண்டு கேக்கிற மாதிரி ஒரு பார்வை. இந்த மண்ணில பிறந்த எனக்கு அதுக்கு மறுமொழி சொல்லத் தெரியேல்ல தங்கச்சி. அதனால அவங்க திரும்பின பிறகு எடுத்தன்."

அவர் ஊரை இழந்தவர், நான் முகத்தை இழந்தவள். அவருடைய கூச்சத்தால் எனக்கு அம்மாவின் முகம் கிடைக்காமல் போனது. அதே கூச்சத்தால்தான் அம்மாவின் முதுகு கிடைத்தது. இதற்கு நான் யாரிடம் கோபிப்பது? நன்றி மட்டும்தான் சொல்லலாம். சொன்னேன்.

கலியாண விஷயத்தையும் சொன்னேன். ஒரு பிரதி எடுத்துத் தர முடியுமா என்று கேட்கத்தான் நினைத்தேன். அவர் எழும்பிப் போய்ப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார்.

"ஐயோ நானா, பாக்க வாற சனம் கேக்குமே!"

"கேட்டா வீட்டுக்குப் போயிட்டா எண்டு சொல்லுவன்."

காசைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி மறித்துவிட்டு, வாசல் பிள்ளையிடம் பழைய படுக்கை விரிப்பு ஒன்று கேட்டார்.

பஸ்ஸில் ஒரு யோசனை

விரிப்பில் சுற்றிய படத்தை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு கிளிநொச்சி பஸ்ஸில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் சாமிப் படம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார். நான் திருத்தவில்லை.

வழி முழுக்க ஒரே யோசனை. கலைப்படம் என்ற பேச்சையே நான் கேலி செய்கிறவள். வாளியைப் படம் எடுத்துப் பெயர் வைக்கிற ஆட்களுக்கு வேறு வேலை இல்லை என்று இதே தொடரில் ஒரு தரம் எழுதியும் இருக்கிறேன். இப்போது எல்லோர் கையிலும் கமரா இருக்கிறது. படம் இல்லாத சோறு கூடக் கிடையாது. கேட்டால் கணினி, இல்லாத ஆளையும் செய்து தருகிறது. இந்தக் காலத்தில் ஒருவர் கறுப்பு வெள்ளையில் ஒரு முதுகை எடுத்து வைத்திருப்பதால் யாருக்கு என்ன பயன்?

எனக்குக் கிடைத்த விடை தையற்காரியின் விடைதான். அந்தக் கணினியிடம் இந்தச் சட்டையைக் கொடுத்திருந்தால் பூவை நேராக்கித் தந்திருக்கும். பல்லை நேராக்கியது போல. நிசார் நானாவின் கமரா ஒன்றையும் நேராக்கவில்லை. பூ தலைகீழாக இருந்தது, அது தலைகீழாகவே எடுத்தது. அவர் கவனிக்காததைக்கூட அது எனக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. அவர் எனக்காக எடுக்கவில்லை, அம்மாவுக்காகவும் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு ஏதோ ஒன்று பட்டது. யாரென்று தெரியாத ஒரு பெண்ணை அவ்வளவு கவனமாகப் பார்க்க உலகத்தில் ஒரு மனிதர் இருந்தாரே, அதுவே எனக்குப் போதும் என்றிருந்தது.

சரி. எனக்குப் போதும். கயலுக்கு?

முகம் கொடுக்காத தாய்

படத்தை முதலில் அண்ணாவுக்குத்தான் காட்டினேன், கயல் வேலைக்குப் போயிருந்த நேரம். குசினிக்குள் வைத்து விரிப்பை விலக்கினேன். அண்ணா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். உடனே தெரிந்துகொண்டார். கண் கலங்கியது. பிறகு அந்தக் கலக்கத்தின் மேலேயே கோபம் வந்தது.

"இதை என்ன செய்யச் சொல்லுறாய்?"

"கலியாணத்தண்டு வைப்பம் அண்ணா."

"உனக்கென்ன விசரே? பொம்பிளை விழுந்து கும்பிடேக்கை தாய் திரும்பிக்கொண்டு நிக்கிறதோ? தாய்க்கே விருப்பமில்லாத கலியாணம், முகம் குடுக்காமல் நிக்கிறா எண்டெல்லோ சனம் கதைக்கும். பொட்டு எங்கை வைக்கிறது? கொண்டையிலையோ?"

"அது அம்மா இல்லை அண்ணா, அந்தக் கொம்பியூட்டர் படம். உங்களுக்கும் தெரியும்."

"தெரியும்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "எனக்கும் உனக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவளுக்கு ஒரு முகம் வேணும். பொய்யெண்டாலும் ஒண்டு இருக்கட்டும். ஒண்டுமில்லாமல் வளந்த பிள்ளையிட்டை இருக்கிற ஒண்டையும் பறிக்காதை."

எங்களை வளர்த்த மனிதர். அவர் சொன்னதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. படத்தை மறுபடி விரிப்பில் சுற்றி என் அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். கயலிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஸ்டூடியோவிலிருந்து பெரிய படம் வந்தது. அண்ணா அதை அப்பாவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். கயலைக் கூப்பிட்டுக் காட்டினார். போனில் சின்னதாகக் கன்னத்தில் வைத்துக்கொண்ட முகம், இப்போது சுவரில் ஆள் உயரத்துக்குச் சிரிக்கிறது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வடிவா இருக்கிறா" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மாவைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். அண்ணாவின் முகம் விழுந்துபோனது. அவர் ஆணி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டார்.

பின்னுக்கு இருந்த பிள்ளை

அன்று பின்னேரம் சொந்தக்காரர் வரத் தொடங்கிவிட்டார்கள். படுக்க விரிப்புக் காணாது. என் அறைக்குள் விரிப்புத் தேடப் போன கயல் வெளியே வரவில்லை. கூப்பிட்டேன், சத்தமில்லை. போய்ப் பார்த்தேன்.

அலுமாரிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருக்கிறாள். முன்னால் அந்தப் படம். விரிப்பு மடியில் கிடக்கிறது. அண்ணாவும் என் பின்னால் வந்து நின்றார். நாங்கள் ஒருவருக்கொருவர் 'நீ சொன்னியோ' என்று கண்ணால் கேட்டுக்கொண்டோம். யாரும் சொல்லவில்லை.

"அக்கா, இது அம்மா" என்றாள்.

கேள்வியாகக் கேட்கவில்லை. எங்களுக்குச் சொன்னாள்.

"உனக்கெப்பிடித் தெரியும்?" என்று அண்ணா கேட்டார்.

அவள் படத்தில் சைக்கிளின் கரியரைத் தொட்டுக் காட்டினாள். அதில் ஒரு சாக்கு நாலாக மடித்துக் கட்டப்பட்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. என் கண் சட்டையை விட்டு அசையவில்லை.

"இது என்ரை இடம். குத்தும் எண்டு அம்மா சாக்கு மடிச்சுக் கட்டுவா. எனக்கு அவான்ரை முகம் ஞாபகமில்லை எண்டு நீங்கள் எல்லாரும் பாவப்பட்டனீங்கள். நானும் என்னிலை ஏதோ பிழை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். நான் முன்னுக்கு இருந்ததே இல்லையே அக்கா. எந்த நேரமும் பின்னுக்குத்தானே இருந்தனான்."

அவள் விரல் படத்துக் கண்ணாடியில் தோளிலிருந்து இடுப்புவரை மெல்ல இறங்கியது.

"வேர்வையும் தவிடும் மணக்கும். காதை வைச்சுக்கொண்டுதான் வருவன். அம்மா கதைச்சுக்கொண்டே சைக்கிள் ஓடுவா. அந்தக் கதை காத்திலை போயிடும், எனக்கு முதுகுக்குள்ளாலைதான் கேக்கும். கதைக்கேக்கை முதுகு அதிரும்."

இவ்வளவு வருடமாக ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். இவளிடம் அம்மா இல்லை என்று நாங்கள் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தோம். எங்களிடம் இல்லாத ஓர் அம்மா இவளிடம் இருந்திருக்கிறார். நான் அவள் பக்கத்தில் இருந்து அழுதேன். துக்கத்தில் அழவில்லை, அதை இங்கே தெளிவாக எழுதிவிட வேண்டும். எவரிடம் நன்றி சொல்வது என்று தெரியாத அளவு நன்றியில் அழுதேன்.

அண்ணா வெளியே போனார்.

கலியாணக் காலை

நிசார் நானா குடும்பத்தோடு கலியாணத்துக்கு வந்திருந்தார். கமரா கொண்டுவரவில்லை. "சாப்பிட வந்தனான் தங்கச்சி, வேலை செய்ய இல்ல" என்றார். அது மண்டபத்தில். அதற்கு முன்னம், வீட்டிலிருந்து வெளிக்கிட்ட நேரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

விடியக் கூடத்துக்கு வந்தபோது, பெரிய சிரிப்புப் படம் ஆணியில் இல்லை. அண்ணா அதை எங்கே வைத்தார் என்று நான் இதுவரை கேட்கவில்லை. அப்பாவின் படத்தையும் கீழே இறக்கி ஒரு கதிரையில் வைத்திருந்தார். பக்கத்துக் கதிரையில் அம்மாவின் முதுகு. இரண்டுக்கும் ஒரே அளவு மல்லிகை மாலை. சொந்தக்காரர் மெல்லக் குசுகுசுத்தார்கள். ஒரு மாமி "இதென்ன, ஆளைத் தெரியேல்லையே" என்று கேட்டே விட்டார்.

"எங்களுக்குத் தெரியும்" என்றார் அண்ணா. அதோடு குசுகுசுப்பு நின்றது.

கயல் கூறைச்சேலையோடு வந்தாள். நான் தைத்த சட்டை. பூ எல்லாம் நேராக நிற்கிறதா என்று முன்னும் பின்னும் பார்த்துத் தைத்தது. அப்பாவுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். பிறகு அம்மாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். கும்பிடுவாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தலையைச் சாய்த்து, நெற்றிப்பட்டம் இடிபடாமல் ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் காதை வைத்தாள்.

நல்ல நேரம் போகிறது என்று வாசலில் யாரோ சொன்னார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அண்ணா அவளுக்குப் பின்னால் குனிந்து, எனக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"என்னவாம் அம்மா?"

கயல் கண்ணைத் திறக்கவில்லை.

"இறுக்கிப் பிடிக்கட்டாம்" என்றாள்.